கை இன்னும் குடிவரவில்லை

பழைய வீட்டில் பாத்ரூம் சுவிட்ச் கதவுக்கு வெளியே, வலப்பக்கம், தோள் உயரத்தில் இருந்தது. புது வீட்டில் அது கதவுக்கு உள்ளே, இடப்பக்கம். வைகாசியில் பால் காய்ச்சிக் குடிவந்து மூன்று வாரம் ஆன பிறகும் என் வலக்கை தினமும் வெளிச்சுவரை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனது. புதிதாக வெள்ளையடித்த சுவரில் அந்த ஓரிடம் மட்டும் லேசாக மங்கத் தொடங்கியது. என் மனைவி இதைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"சுவிட்ச் எங்க இருக்குன்னு தெரியாதா உங்களுக்கு?"

"தெரியுமே. உள்ள, இடது பக்கம்."

"தெரிஞ்சுக்கிட்டு எதுக்கு வெளிய தடவுறீங்க?"

நியாயமான கேள்வி. அடுப்படியில் உட்கார்ந்திருக்கும்போது யாராவது கேட்டால் எந்த அறையில் எத்தனை சுவிட்ச் என்று என்னால் பிசகாமல் சொல்ல முடியும். எலக்ட்ரீஷியனுக்குத் தாளில் படமே போட்டுக் கொடுத்திருக்கிறேன். தெரிந்த ஆள் நான், தடவுகிற ஆளும் நான். ஒரே தலைக்குள் குடியிருக்கும் இந்த இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை போலிருக்கிறது.

விளையாட்டாகச் சொன்னேன். ஆனால் இந்த இரண்டு பேரும் உண்மையிலேயே இருக்கிறார்கள். அவர்களைத் தனித்தனியாகப் பிடித்துக் காட்டியவை எலிகள்.

கூட்டல் குறி மாதிரி ஒரு பாதையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எலியைத் தெற்கு முனையில் விடுகிறார்கள். இரை மேற்கு முனையில். எலி நேரே நடந்து, நடுச்சந்திக்கு வந்ததும் இடப்பக்கம் திரும்பினால் சாப்பாடு. தினமும் நாலைந்து முறை இப்படி ஓடவிட்டால் சில நாளில் எலி தவறே செய்வதில்லை. சரி, அது என்ன கற்றுக்கொண்டது? 'சாப்பாடு அந்த ஜன்னல் இருக்கிற மூலையில்' என்று இடத்தைக் கற்றிருக்கலாம். 'நடுவில் வந்ததும் இடப்பக்கம் திரும்பு' என்று உடம்பின் அசைவை மட்டும் கற்றிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இதை வைத்து 1940களில் அமெரிக்க உளவியலாளர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள்.

பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பழகிய எலியை ஒருநாள் எதிர்முனையில், வடக்கிலிருந்து விடவேண்டும். இடத்தைக் கற்ற எலி மேற்கு நோக்கியே போகும். அதற்கு இப்போது வலப்பக்கம் திரும்ப வேண்டியிருக்கும். திருப்பத்தை மட்டும் கற்ற எலி வழக்கம்போல இடப்பக்கம் திரும்பி, சாப்பாடே இல்லாத கிழக்கு முனையில் போய் நிற்கும்.

மார்க் பக்கார்டும் ஜேம்ஸ் மெக்கோவும் 1996இல் வெளியிட்ட ஆய்வில் இதை இரண்டு முறை செய்தார்கள். எட்டாம் நாள் வடக்கிலிருந்து விட்டபோது பெரும்பாலான எலிகள் சரியான இடத்துக்கே போயின. பதினாறாம் நாள் அதே எலிகளில் பெரும்பாலானவை இடப்பக்கம் திரும்பித் தவறான முனைக்குப் போயின. ஒரு வாரம் கூடுதலாகப் பழகியதில் எலி முட்டாளாகிவிட்டதா?

இங்கேதான் அந்த ஆய்வின் அழகு. பல் மருத்துவர் ஈறில் போடுகிற மரத்துப்போகும் ஊசி இருக்கிறதே, அதில் இருக்கும் லிடோகெய்ன் என்ற மருந்தை எலி மூளையின் குறிப்பிட்ட பகுதிகளில் மிகச் சிறிய அளவில் செலுத்தினார்கள். அந்தப் பகுதி மட்டும் கொஞ்ச நேரம் வேலை செய்யாது. மூளையின் அடியாழத்தில் வால் போன்ற வடிவில் ஒரு நரம்புத் திரள் உண்டு. வாலுருத் திரள் என்று வைத்துக்கொள்வோம். பதினாறாம் நாள் அதை மரக்கச் செய்ததும் எலிகள் மறுபடி சரியான இடத்துக்கே போயின! ஆக, இடத்தைப் பற்றிய அறிவு அழியவே இல்லை. அது பின்னால் ஒதுங்கி உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். எட்டாம் நாள் வேறொரு பகுதியை, ஹிப்போகேம்பஸை, மரக்கச் செய்தபோது எலிகளுக்கு எந்தப் பக்கம் போவதென்றே நிச்சயமில்லாமல் போனது. கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்குக் கடற்குதிரை என்று பொருள்; வெட்டி எடுத்தால் அந்த வடிவத்தில்தான் இருக்கும். நாமும் கடற்குதிரை என்றே சொல்லலாம்.

மாட்டு வண்டிக் காலத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சந்தைக்குப் போய்விட்டு இரவில் திரும்பும்போது வண்டிக்காரர் தூங்கிவிடுவார். மாடு வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தும். வண்டிக்காரருக்கு ஊரின் அமைப்பு தெரியும், ஒரு பாதை அடைத்திருந்தால் வேறு பாதையை யோசிப்பார். மாட்டுக்குத் தெரிந்தது திருப்பங்கள் மட்டும். வண்டிக்காரர் வீடு மாறிவிட்டுத் தூங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கடற்குதிரை வண்டிக்காரர், வாலுருத் திரள் மாடு. தூக்கக் கலக்கத்தில் நான் பாத்ரூம் போகும்போது ஓட்டுவது மாடு.

எலிக்குச் சரி, மனிதனுக்கு? வீடு மாறிய ஒரு மனிதரின் கதையே மருத்துவ இலக்கியத்தில் இருக்கிறது. ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு அடிக்கடி கடுமையான வலிப்பு வந்துகொண்டிருந்தது. 1953இல், அவருக்கு 27 வயதானபோது, வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் மூளையின் இரு பக்கமும் கடற்குதிரையின் பெரும்பகுதியையும் அதைச் சுற்றிய திசுக்களையும் அகற்றினார். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. 2008இல் அவர் இறக்கும்வரை ஆய்வுக் கட்டுரைகளில் அவர் வெறும் 'எச்.எம்.'

உளவியலாளர் பிரெண்டா மில்னரும் ஸ்கோவிலும் 1957இல் எழுதிய கட்டுரையில் ஒரு சின்ன விஷயம் வருகிறது. சோதனைக்குப் பத்து மாதம் முன்பு எச்.எம்.மின் குடும்பம் வீடு மாறியிருந்தது. தூரம் ஒன்றுமில்லை, அதே தெருவில் கொஞ்சம் தள்ளி. பத்து மாதம் ஆகியும் புது முகவரி அவருக்குத் தெரியவில்லை. பழைய முகவரி அட்சரம் பிசகாமல் தெரிந்தது. தனியாக வெளியே விட்டால் வீடு வந்து சேர்வார் என்று நம்ப முடியாது. நேற்றுப் புல்வெட்டிய எந்திரம் எங்கே இருக்கிறது என்று இன்றும் அம்மாதான் சொல்லவேண்டும். வண்டிக்காரரை இழந்த வண்டி.

மாடு மட்டும் நன்றாகவே இருந்தது. கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் ஒன்றின் கோட்டுக்குள்ளேயே பென்சிலை ஓட்டச் சொன்னார் மில்னர். செய்து பாருங்கள், யாருக்கும் முதலில் கை எதிர்ப்பக்கம் இழுக்கும். மூன்று நாள் பயிற்சியில் எச்.எம்.மின் கை தேர்ந்துவிட்டது. ஒவ்வொரு நாளும் இதை முதல்முறை செய்கிறோம் என்றே அவர் நினைத்தார். அவருக்குத் தெரியாமல் அவர் கை கற்றுக்கொண்டது. என் கதை தலைகீழ். எனக்குத் தெரிந்தும் என் கை கற்றுக்கொள்ளவில்லை. இன்னொரு வியப்பு: 1958இல் அவர்கள் மீண்டும் வீடு மாறினார்கள். அந்த வீட்டில் பல வருடம் புழங்கிய பிறகு அதன் தரைப்படத்தை அவரால் வரைந்து காட்ட முடிந்தது. நாமெல்லாம் ஒரு மாலைக்குள் கற்றுக்கொள்வதை அவர் மூளையில் மிஞ்சியிருந்த பகுதிகள் வருடக்கணக்கில் நடந்து நடந்து சேர்த்திருக்க வேண்டும்.

'ஒரு மாலைக்குள்' என்று நான் சொன்னது மிகையில்லை. 1971இல் லண்டனில் ஜான் ஓ'கீஃப், ஜொனாதன் டஸ்ட்ராவ்ஸ்கி இருவரும் எலியின் கடற்குதிரைக்குள் மயிரிழை போன்ற கம்பிகளை வைத்து ஒற்றை நரம்புச் செல்களின் துடிப்பைக் கேட்டார்கள். எலி ஒரு மூலைக்குப் போனால் ஒரு செல் படபடக்கும், இன்னொரு மூலையில் இன்னொன்று. இரவில் ஒவ்வொரு தெருமுனைக்கும் ஒரு கூர்க்கா நின்று, தன் முனைக்கு யாராவது வந்தால் மட்டும் விசில் அடிப்பதுபோல. எந்த விசில் கேட்கிறது என்பதை வைத்தே எலி எங்கே நிற்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இவை இடச்செல்கள்.

2005இல் நார்வேயில் மை-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் ஆய்வகம் இன்னொரு வகையைக் கண்டது. கடற்குதிரைக்குப் பக்கத்துப் பகுதியில் இருக்கும் இந்தச் செல் ஒவ்வொன்றும் ஓரிடத்தில் அல்ல, பல இடங்களில் துடிக்கும். அந்த இடங்களைத் தாளில் புள்ளியாக வைத்தால் வருவது மார்கழி வாசல். நேர்புள்ளிக் கோலம் இல்லை; ஒரு வரிசைப் புள்ளி அடுத்த வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே விழும் ஊடுபுள்ளிக் கோலம். எந்தப் புள்ளியை எடுத்தாலும் சுற்றிலும் ஆறு புள்ளி, சம தூரத்தில். இவற்றைப் புள்ளிக்கோலச் செல்கள் என்று நான் சொல்வேன். 'கட்டச் செல்கள்' என்ற மொழிபெயர்ப்பில் கட்டம்தான் தெரிகிறது, அந்த ஆறு தெரிவதில்லை. ஓ'கீஃபும் மோசர் இணையரும் 2014இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

எலியைப் புது இடத்தில் விட்டால்? மாத்யூ வில்சனும் புரூஸ் மெக்நாட்டனும் 1993இல், எலி பழகிய பெட்டியின் நடுத்தடுப்பை எடுத்து, அது பார்க்காத மறுபாதியைத் திறந்துவிட்டார்கள். முதலில் புதுப்பகுதியில் விசில்கள் கலங்கலாக இருந்தன. எலி அங்குமிங்கும் மோந்து நடக்க நடக்க, நிமிடக்கணக்கில் அவை தெளிந்தன. வண்டிக்காரர் அவ்வளவு விரைவு. அடுத்த ஆண்டு அவர்களே இன்னொன்றையும் காட்டினார்கள்: பகலில் சேர்ந்து துடித்த செல்கள் அன்றைய தூக்கத்திலும் சேர்ந்து துடித்தன. புது வீட்டில் முதல் நாள் சாமான் இறக்கிக் களைத்துப் படுத்தபோது, கண்ணை மூடினால் மாடிப்படியும் குட்டி யானை வண்டியும் பீரோவைத் திருப்பிய மூலையும் மாறிமாறி வந்தன. அதுவும் இதுவும் ஒன்று என்று சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் அந்த எலியைப் படித்தபோது எனக்கு அந்த ராத்திரிதான் ஞாபகம் வந்தது.

அந்த ராத்திரி யாருமே சரியாகத் தூங்கவில்லை என்பது வேறு விஷயம். நாங்கள் இருந்தது மதுரை கூடல்நகரில், ரயில் பாதை பக்கம். பதினோரு வருடம் நள்ளிரவு ரயில்கள் எங்கள் கட்டிலை ஆட்டிவிட்டுப் போயின. ஒருவரும் புரண்டுகூடப் படுத்ததில்லை. கோ.புதூரில் வந்த புது வீடு அமைதியான சந்து. அங்கே மாடிவீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் சொட்டுவிழும் சத்தத்துக்கு எல்லோரும் எழுந்து உட்கார்ந்திருந்தோம்.

தூக்க ஆய்வகங்களில் இது பழைய தொல்லை. வருகிறவர்கள் முதல் இரவு மோசமாகத் தூங்குவார்கள் என்பதால் அந்த இரவின் அளவீடுகளைத் தூக்கிப் போட்டுவிடுவது வழக்கம். 'முதல் இரவு விளைவு' என்று பெயரே உண்டு (தமிழில் சொன்னால் சிரிப்பு வருகிறது, 'புது இட விளைவு' என்போம்). அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மசாகோ தமாகி, யூகா சசாகி குழுவினர் அந்த இரவையே எடுத்து ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். முதல் இரவின் ஆழ்தூக்கத்தில் மூளையின் வலப்பாதி ஆழமாகத் தூங்கியது, இடப்பாதியின் சில பகுதிகள் அந்த அளவு ஆழத்துக்குப் போகவில்லை. இடப்பாதி விழிப்போடு இருக்கிறது என்று எப்படி நம்புவது? காதில் மெல்லிய ஒரே மாதிரி ஒலிகளை ஒலிக்கவிட்டு, நடுநடுவே வேறுபட்ட ஒலி ஒன்றைச் சேர்த்தார்கள். வலக்காதில் விழுவது பெரும்பாலும் மூளையின் இடப்பாதிக்குப் போகும். அந்தக் காதில் மாற்றொலி விழுந்தபோதுதான் ஆட்கள் அதிகமாகவும் விரைவாகவும் விழித்தார்கள். அவர்களே ஒரு வாரம் கழித்து வந்து அதே அறையில் படுத்தபோது இரு பாதிகளுக்கும் வேறுபாடு இல்லை.

பாதி மூளைக் காவல் நமக்குப் புதிதாக வந்ததல்ல. டால்பின்கள் ஒரு பாதியால் தூங்கி மறுபாதியால் நீந்துகின்றன. வரிசையாகத் தூங்கும் வாத்துகளில், ஓரத்தில் இருக்கும் வாத்து ஒரு கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு அடிக்கடி பாதி மூளையால் தூங்குவதையும், அந்தக் கண் வெளிப்பக்கம் பார்ப்பதையும் 1999இல் படம்பிடித்துக் காட்டியிருக்கிறார்கள். நடு வாத்துகள் நிம்மதியாக இரு கண்ணையும் மூடிக்கொள்கின்றன. முதல் ராத்திரி நாங்கள் எல்லோரும் ஓர வாத்துகள். நாலாம் நாள் தொட்டி சொட்டியதா என்றே யாருக்கும் தெரியாது. காது குடிவந்துவிட்டது.

மூக்கு இன்னும் கொஞ்சம் தாமதம். "இது வேற யாரோ வீட்டு வாசனையா இருக்கு" என்று மகள் முதல் நாள் முகத்தைச் சுளித்தாள். டிஸ்டம்பர், பூட்டிக்கிடந்த அலமாரி, முன்பு இருந்தவர்கள் தாளித்த ஏதோ ஒன்று. பத்துப் பதினைந்து நாளில் அந்தப் பேச்சே இல்லை. ஒரு வாசனை தொடர்ந்து வந்தால் மூக்கிலுள்ள செல்களே சில நிமிடங்களில் சோர்ந்துவிடும். பூக்கடையில் உட்கார்ந்திருப்பவருக்கு மல்லிகை மணக்காது. ஆனால் வெளியே போய்க் காற்று வாங்கிவிட்டு வந்தால் அந்தச் சோர்வு தெளிந்துவிட வேண்டும். வீட்டு வாசனை மட்டும் மாலையில் திரும்பி வந்தாலும் ஏன் மறைந்தே இருக்கிறது? பிலடெல்பியாவில் பமேலா டால்டனும் சார்லஸ் வைசாக்கியும் 1996இல் வெளியிட்ட ஆய்வில் ஆட்களின் வீட்டில் ஒரு வாசனைப் பொருளை இரண்டு வாரம் வைத்தார்கள். அந்த ஒரு வாசனைக்கு மட்டும் அவர்கள் மூக்கு மந்தமானது. பொருளை எடுத்த பிறகும் அந்த மந்தம் கொஞ்ச காலம் நீடித்தது. நிமிடச் சோர்வு வேறு, வாரக்கணக்கில் சேரும் இந்தப் பழகல் வேறு. தன் வீட்டுக்கு என்ன வாசனை என்று எந்த மனிதருக்கும் தெரியாது. விருந்தாளிக்குத் தெரியும், மரியாதைக்குச் சொல்லமாட்டார்.

ஆக வரைபடம் ஒரு நாள், காது மூன்று நாள், மூக்கு இரண்டு வாரம் என்று எங்கள் வீட்டில் ஒவ்வொருவராக வந்துசேர்ந்தார்கள். கை?

'இருபத்தொரு நாளில் எந்தப் பழக்கமும் படிந்துவிடும்' என்று வாட்ஸ்அப்பில் காலை வணக்கத்தோடு வருமே, அதன் பிறப்பிடம் எனக்குப் பிடித்த வேடிக்கை. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டறுவை மருத்துவர், மூக்கைத் திருத்திக்கொண்டவர்கள் புது முகத்துக்குப் பழக மூன்று வாரமாவது ஆவதைக் கவனித்து 1960இல் தன் புத்தகத்தில் எழுதினார். அதே இடத்தில் அவர் சொன்ன இன்னொரு உதாரணம், குடிபோன வீடு சொந்த வீடு மாதிரி தோன்றவும் ஏறக்குறைய அத்தனை நாள் ஆகும் என்பது. ஒரு மருத்துவரின் கண்மதிப்பு. சோதனை எதுவும் இல்லை. குறைந்தது இவ்வளவு என்று அவர் சொன்னது ஊர் சுற்றி வரும்போது சரியாக இவ்வளவு என்று ஆகிவிட்டது.

அளந்து பார்த்தவர்கள் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர். 96 பேர், மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஓட்டம் என்று ஆளுக்கொரு புதுப் பழக்கத்தைத் தினமும் செய்து, அது எவ்வளவு தன்னிச்சையாக வருகிறது என்று குறித்தார்கள். பழக்கம் படிய நடுத்தரமாக 66 நாள். ஆனால் ஒருவருக்கு 18, இன்னொருவருக்குக் கணக்குப்படி 254. பழம் சாப்பிடுவது சீக்கிரம், உடற்பயிற்சி மெதுவாக. அதுவும் காலி இடத்தில் புதுப் பழக்கம். எனக்கோ பதினொரு வருட மாடு ஒன்று ஏற்கெனவே தொழுவத்தில் நிற்கிறது.

அதிலும் நான் போனது நாலு கிலோமீட்டர் தூரம்; அதுதான் வினை. தேன்பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். மார்த்தாண்டம் பக்கம் ரப்பர்த் தோட்டங்களுக்குப் பெட்டிகளை எடுத்துப் போகிறவர்கள் ராத்திரியில், தேனீக்கள் அடைந்த பிறகு, வாயை மூடித்தான் நகர்த்துவார்கள். பெட்டியை வெகு தூரம் கொண்டுபோய்விட்டால் பிரச்சினை இல்லை. காலையில் வெளியே வரும் தேனீ, எதுவும் பழக்கமாக இல்லாததால், பெட்டியைப் பார்த்தபடி வளைந்து வளைந்து பறந்து அடையாளம் எடுத்துக்கொள்ளும். ஐம்பது அடி நகர்த்தினால்தான் சங்கடம். இரைதேடப் போகும் தேனீ பழகிய மரங்களையும் பழகிய பாறையையும் பார்த்து, பழைய கணக்கிலேயே திரும்பி, பெட்டி இருந்த வெற்றிடத்தில் கூட்டமாகச் சுற்றும். துபாய்க்குக் குடிபோயிருந்தால் என் பைக் முதல் நாளே புது வழியைக் கற்றிருக்கும். ஊருக்குள்ளேயே மாறியதால், ஆபீஸ் விட்டு வரும்போது பாதி வழி வரை பழைய சாலை, பழைய சிக்னல், பழைய டீக்கடை. மாடு எந்த இடத்தில் பிடியை வாங்கியது என்று தெரியாது; இரண்டு முறை கூடல்நகர் வீட்டு வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றியிருக்கிறேன்.

இதே உண்மையைச் சாதகமாகப் பயன்படுத்த முடியுமா என்றும் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகரத்தில் பாஸ் வெர்ப்லாங்கனும் டெபோரா ராயும் 800 பேரை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேர் அண்மையில் வீடு மாறியவர்கள், பாதி மாறாதவர்கள். சுற்றுச்சூழலுக்கு உகந்த பழக்கங்களுக்கு இருசாராருக்கும் ஒரே மாதிரி அறிவுரையும் பொருள்களும் கொடுத்ததில், குடிமாறியவர்களிடம்தான் கூடுதல் பலன். அதுவும் மாறி முதல் மூன்று மாதத்துக்குள். அவர்களுக்கு மனவுறுதி கூடுதல் என்பதில்லை. பழக்கத்தை இழுத்துவிடுகிற கயிறுகள் பழைய வீட்டிலேயே கட்டப்பட்டிருந்தன. எனக்கும் ஒன்று தானாக அறுந்தது: பழைய தெருமுனை பஜ்ஜிக் கடை. பதினொரு வருடம் விடமுடியாத மாலை வாழைக்காய் பஜ்ஜியை நான் விட்டதாக வீட்டில் பெருமை பேசிக்கொண்டேன். கடை வழியில் இல்லை, அவ்வளவே.

எங்களோடு இருக்கும் என் அம்மா விஷயத்தில் இப்படிச் சிரித்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவருக்கு 78. உசிலம்பட்டியில் சின்ன வயதில் இருந்த தெருவைக் கேட்டால் எந்த வீட்டுத் திண்ணைக்கு எத்தனை தூண் என்று சொல்வார். புது வீட்டில் அடுப்படி எந்தப் பக்கம் என்று இரண்டாம் மாதமும் நின்று யோசித்தார். குடிவந்த ஐந்தாம் இரவு பாத்ரூம் போக எழுந்தவர், பழைய வீட்டுக் கணக்கில் கட்டிலிலிருந்து நாலடி வைத்து வலப்பக்கம் திரும்பி, பீரோவில் மோதி நெற்றியில் புடைத்துக்கொண்டார்.

மறதி என்று ஒரே வார்த்தையில் அடைத்துவிடுகிறோம். உள்ளே இருப்பது இரண்டு வேறு சரக்கு. அமெரிக்காவில் மூளைக் காய்ச்சலால் இருபக்கக் கடற்குதிரையும் அழிந்துபோன முதியவர் ஒருவரை எட்மண்ட் டெங்கும் லாரி ஸ்குவயரும் சோதித்து 1999இல் எழுதினார்கள். நோய் வந்த பிறகு அவர் குடிவந்த பகுதியைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஆனால் ஐம்பது வருடத்துக்கு முன் விட்டுவந்த, தான் வளர்ந்த ஊரில், இங்கிருந்து அங்கே எப்படிப் போவது, அந்தச் சாலை அடைத்திருந்தால் வேறு எப்படிப் போவது என்றெல்லாம் மனத்துக்குள்ளேயே நடந்து சொன்னார். அதே ஊரில் வளர்ந்த மற்ற முதியவர்களுக்குச் சளைக்காமல். பழைய ஊர்களின் வரைபடம் காலப்போக்கில் மூளையின் வேறு இடங்களுக்குக் குடிபோய்விடுகிறது. புதிதாக வரையத்தான் கடற்குதிரை வேண்டும். வயதாக ஆக மந்தமாவது அந்த வரைகிற வேலை. அல்சைமர் நோய் முதலில் கைவைக்கும் இடங்களில் ஒன்றும் புள்ளிக்கோலச் செல்கள் இருக்கும் அதே பகுதிதான்.

இது தெரிந்ததும் நாங்கள் செய்தது, அம்மாவைப் புது வீட்டுக்குப் பழக்குவதை நிறுத்திவிட்டு அறையை அம்மாவுக்குப் பழக்கினோம். கட்டிலைத் திருப்பி, எழுந்தால் நாலடியில் வலப்பக்கம் பாத்ரூம் வரும்படி போட்டோம். பீரோ வேறு அறைக்குப் போனது. தினசரி நாள்காட்டியும் அப்பா படமும் பழைய வீட்டில் எந்தச் சுவரில் இருந்தனவோ அதே பக்கச் சுவரில். ராத்திரி முழுக்க ஒரு சின்ன விளக்கு. அவருடைய மாடு இன்னும் நல்ல மாடு. அதற்குத் தெரிந்த பாதையை நாங்கள் போட்டுக் கொடுத்தோம். பிறகு அவர் எதிலும் மோதவில்லை.

என் கை எப்போது திருந்தியது என்று எனக்குத் தெரியாது. ஆவணியில் ஒருநாள் சுவரில் அந்த மங்கல் மேலும் கூடவில்லை என்று மனைவி சொன்னாள். பார்த்தால், இடக்கை உள்ளே நுழைந்து தானாகப் போட்டுக்கொண்டிருக்கிறது.

ஆனால் பழைய பழக்கம் அழிந்ததா? மார்க் பூட்டனும் ராபர்ட் போல்ஸும் 1979இல் இதற்கு ஒரு பதில் தந்தார்கள். ஒரு பெட்டியில் ஓர் ஒலியோடு சேர்த்து மின்னதிர்ச்சி கொடுத்து எலிக்குப் பயம் கற்பித்தார்கள். வேறு பெட்டியில் அதே ஒலியை அதிர்ச்சி இல்லாமல் திரும்பத் திரும்ப ஒலித்தபோது பயம் போய்விட்டது. முழுக்கத் தெளிந்துவிட்டதாகத் தோன்றிய எலியைப் பழைய பெட்டியில் வைத்து ஒலித்ததும் பயம் திரும்ப வந்தது. புதியது பழையதை அழிப்பதில்லை. அதன்மேல் ஒரு துணியைப் போர்த்துகிறது. துணியை விலக்குவது பழைய இடம்.

தை மாதம் ஒரு இன்சூரன்ஸ் கடிதம் பழைய முகவரிக்கே வந்திருப்பதாக அங்கே புதிதாகக் குடிவந்தவர் போன் செய்தார். போனேன். கதவைத் திறந்ததும் ஒரு வாசனை: பெருங்காயம், சாம்பிராணி, யாரோ வீடு. உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார்கள். ரயில் ஒன்று போனது. கையில் டம்ளர் அதிர்ந்தது, நான் திடுக்கிட்டேன், அவர்களுடைய குழந்தை தொட்டிலில் அசையவில்லை. காப்பி சட்டையில் சிந்திவிட்டது. கழுவிக்கொள்ள எழுந்து, அவர்கள் வழிகாட்டும் முன்பே நடந்து, பேசிக்கொண்டே வலக்கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி வெளிச்சுவரில் வைத்தேன்.

"அங்க இல்ல சார்," என்றார் அவர். "பிள்ளைங்க விளையாடிக்கிட்டே இருக்குன்னு உள்ள மாத்திட்டோம். இடது பக்கம்."

விரலுக்கடியில் பட்டி பூசிய சதுரம், இன்னும் சரியாக வழவழப்பாகவில்லை.